எழுத்து ஒன்று, குறி பல

பட்டர்வொர்த் துறையிலிருந்து கடலைக் கடந்து ஜார்ஜ் டவுனை அடைய அரை மணி நேரமும் ஆகாது. 1990ஆம் ஆண்டுகளின் நடுவில், இக்கரையிலிருந்த தமிழாசிரியர் ஒருவர் தேர்வு வினாத்தாளைத் தம் கணிப்பொறியில் தட்டச்சு செய்து, நெகிழ்தட்டில் பதிந்து, அக்கரை அச்சகத்துக்கு எடுத்துச் சென்றார் எனக் கொள்வோம். அச்சகத்தார் அத்தட்டைத் தம் பொறியில் செருகித் திறக்கின்றனர். திரையில் தமிழ் தோன்றவில்லை. உரோமன் எழுத்துகளும், தலையில் புள்ளியும் கோடும் பெற்ற ஐரோப்பிய எழுத்துகளும், நாணயக் குறிகளும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. பதிந்ததில் ஒரு சொல்லும் அழியவில்லை. ஆயினும் ஒரு சொல்லையும் படிக்க இயலவில்லை. ஆசிரியர் பயன்படுத்திய அதே எழுத்துரு அச்சகத்தாரிடம் இருந்தாலன்றி, வினாத்தாளை முதலிலிருந்து மறுபடியும் அடிக்க வேண்டியதே.

இது கற்பனையாகச் சொல்லப்பட்டதே எனினும், அக்காலத்தில் கணிப்பொறியில் தமிழ் எழுதியவர் எவர்க்கும் புதியதன்று. இத்தனைக்கும், இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் தொடங்கியது இதே பினாங்குத் தீவில்தான். சில்லுகள் அக்கரையில் உருவாயின. இக்கரைத் தமிழ் அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை. குறை பொறியில் இல்லை. மனிதர் தமக்குள் செய்துகொள்ள வேண்டிய உடன்பாடு ஒன்று அன்று செய்யப்படாமல் இருந்தது.

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது; எண்ணாகவே அறியும். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் பெரிய எழுத்துக்கு 65 என்ற எண், அடுத்ததற்கு 66 என்று வகுத்த 'ஆஸ்கி' என்னும் குறிமுறையை அமெரிக்கத் தர அமைப்பு 1963-இல் வெளியிட்டது. அதில் உள்ள இடங்கள் 128. எல்லோரும் அதனை ஏற்றுக்கொண்டமையால், பினாங்கில் அடித்த ஆங்கிலக் கடிதம் பாரிசிலும் ஆங்கிலமாகவே திறக்கிறது. தமிழிலோ ஒரு நிறுவனத்தார் 'க' என்னும் எழுத்துக்கு ஓர் எண்ணைத் தந்தனர். மற்றொருவர் அதே எண்ணை வேறோர் எழுத்துக்குத் தந்தனர். தாளில் அச்சானபின் இரண்டும் ஒரே 'க'தான். பொறிக்குள் அவை உறவற்ற இரண்டு.

நிரல்மொழிகளும் இதே வழியில் வந்தன

இத்தகைய குழப்பம் தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கணிப்பொறிக்குக் கட்டளையிடுவதற்கென்றே அமைக்கப்பட்ட நிரல்மொழிகளும் தொடக்கத்தில் இவ்வாறே சிதறின. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பாக்கஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய 'போர்ட்ரான்' என்னும் மொழி 1957-இல் வெளிவந்தது. கணிதச் சூத்திரங்களை ஏறத்தாழ எழுதும் முறையிலேயே எழுதினால், பொறி தன் மொழிக்கு அவற்றைப் பெயர்த்துக்கொள்ளும். வசதியைக் கண்ட பிற உற்பத்தியாளரும் தத்தம் பொறிகளுக்கு அதனை அமைத்தனர். அமைக்கும்போது தமக்கு வேண்டியதைக் கூட்டினர், வேண்டாததைக் குறைத்தனர். 1963-க்குள் நாற்பதுக்கு மேற்பட்ட போர்ட்ரான் பெயர்ப்பிகள் வழக்கில் இருந்தன. ஒரு மொழிக்கு இத்தனை கிளைவழக்குகள்! ஒரு பொறிக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது.

இந்நிலையை மாற்ற அமைக்கப்பட்ட குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1966-இல் போர்ட்ரானுக்குத் தரம் வகுத்தது. உலகில் தரம் வகுக்கப்பெற்ற முதல் நிரல்மொழி அதுவே. அத்தரத்தில் ஏற்கப்பட்ட எழுத்துக்குறிகள் மொத்தம் 47: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, எண்கள் 10, வெற்றிடம் உள்ளிட்ட பிற குறிகள் 11. தமிழ் நெடுங்கணக்கின் 247-ஐ நினைவில் வைத்திருக்கும் தமிழாசிரியர்க்கு இந்த 47 சற்றுப் பொறாமை தரும் எண்தான்.

வாணிகக் கணக்குக்கென வந்த 'கோபால்' மொழியின் கதை வேறு வகை. அது முதலிலேயே பொதுமொழியாகக் கருதி ஆக்கப்பட்டது. 1959-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் பல உற்பத்தியாளரும் பயன்படுத்துவோரும் கூடிப் பேசித் தொடங்கினர். 1960 டிசம்பர் 6, 7 ஆகிய நாள்களில், ஏறக்குறைய ஒரே நிரல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியிலும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் யுனிவாக் பொறியிலும் ஓட்டிக் காட்டப்பட்டது. போட்டியாளர் இருவரின் பொறிகள் ஒரே கட்டளையைப் புரிந்துகொண்டன. அன்று அது சிறு செய்தியன்று.

தமிழின் சிக்கலுக்கு மிக நெருங்கியது மூன்றாவதாகிய 'அல்கால்' மொழியின் வரலாறு. 1958-இல் சூரிச் நகரில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் அம்மொழியை வகுக்கக் கூடினர். பதின்மக் கூறைக் காட்ட அமெரிக்கர் புள்ளியிடுவர். ஐரோப்பியர் பலர் காற்புள்ளியிடுவர். இச்சிறு புள்ளியில் கூட்டமே முட்டி நின்றது. மேசையைத் தட்டி மறுத்தவரும் உண்டு என்பர். முடிவில் அவர்கள் கண்ட வழி கூர்மையானது. மொழியின் குறி வேறு, அதன் எழுத்து வடிவம் வேறு என்று பிரித்தனர். கருத்தளவில் நிற்கும் மேற்கோள் வடிவம் ஒன்று. நூலில் அச்சிடும் வடிவம் ஒன்று. பொறியில் இடும் வடிவம் ஒன்று. முதலாவது எங்கும் மாறாது. மற்றவை இடத்துக்கேற்ப மாறலாம்.

247 எழுத்துக்கு 128 இடம்

குறி வேறு, வடிவம் வேறு என்பதைத் தமிழ் இலக்கணம் அறியாததன்று. 'கொ' என்னும் எழுத்தை நோக்குக. எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது, 'க' இடையே வருகிறது, கால் பின்னே வருகிறது. ஒலிக்கும்போதோ முதலில் மெய், பின்னர் உயிர். உயிர்மெய்யில் உயிர் மெய்யின் பின்னதாகவே தோன்றும் என்று தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்தது ஒலிமுறையை. கை எழுதுவது வரிவடிவ முறையை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, வரிவடிவ முறையே பயன்பட்டது. வேறு வழியும் இல்லை. தட்டச்சுப் பொறி தாளில் இடமிருந்து வலமாக மை பதிப்பது. கொம்பு முன்னே நிற்குமாயின் கொம்பையே முதலில் அடித்தாக வேண்டும். சில விசைகளுக்குள் 247 எழுத்தையும் அடக்குவதற்கு, எழுத்துகளைத் துண்டு துண்டாக்கிச் சேர்க்கும் உத்தியும் அங்கிருந்தே வந்தது.

கணிப்பொறி வந்தபோது தமிழர் அந்த உத்தியையே பொறிக்குள்ளும் கொண்டு சென்றனர். அக்காலக் குறிமுறைகளில் இருந்தவை 256 இடங்கள். முற்பாதி 128-ஐ ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. எஞ்சிய 128-இல் 247 எழுத்தும் கிரந்த எழுத்தும் அடங்கா. ஆகவே கொம்பு, இணைக்கொம்பு, கால் முதலிய துணைக்குறிகளுக்குத் தனி இடமும், புள்ளி பெற்ற மெய்களுக்கும் 'கு', 'கூ' போன்ற உருமாறும் எழுத்துகளுக்கும் தனி இடமும் தந்தனர். எதற்கு எந்த இடம் என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சென்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து உருவாக்கிய 'முரசு', சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் இலவசமாக வழங்கிய 'மயிலை', சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அமைத்த 'கணியன்' என முயற்சிகள் பல. ஒவ்வொன்றும் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. ஒன்றின் எழுத்து மற்றொன்றில் திறக்காது என்பதும் உண்மை.

மாநாடுகளும் மின்னஞ்சல்களும்

நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. விசைப்பலகையும் குறிமுறையும் ஒன்றாக வேண்டும் என்ற கருத்து அங்கு வலுப்பெற்றது. அதன்பின் நிகழ்ந்ததில் ஒரு புதுமை உண்டு. பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர் மின்னஞ்சல் வழியாகவே மாதக்கணக்கில் வாதாடி, 'திஸ்கி' என்னும் குறிமுறையை வகுத்தனர். அவர்கள் பெரும்பாலும் தொழில்முறையில் மொழியறிஞர் அல்லர். பொறியாளர், வேதியியலார், கணிப்பொறி வல்லுநர். எந்த அரசும் அவர்களை அமர்த்தவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், சங்க நூல் முதல் பிற்கால நூல் வரை மின்வடிவில் ஏற்றியதற்குத் திஸ்கியே தொடக்கத்தில் துணை நின்றது.

1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு கூடியது. அதன் பயனாகத் தமிழ்நாட்டரசு 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையை அறிவித்தது. அதன் அமைப்பு இலக்கணம் கற்றார் மகிழத்தக்கது. உயிர்கள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்தை அறிந்தால் போதும். மற்றவற்றைப் பொறி ஆக்கிக்கொள்ளும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது தானே புள்ளி பெறும். அதுமட்டுமன்று: மெல்லினத்தின்பின் அதன் இன வல்லினத்தை அடித்தாலும் மெல்லினம் புள்ளி பெறும். 'ங'வை அடுத்துக் 'க', 'ந'வை அடுத்துத் 'த', 'ன'வை அடுத்து 'ற' என அடித்தாலே போதும். வகுப்பில் இனவெழுத்து என்று கற்பிப்பது விசைப்பலகையில் உழைப்பைக் குறைக்கிறது. உரோமன் எழுத்தின் ஒலிகொண்டு தமிழ் அடிக்கப் பழகியோர் தொகை இன்றும் மிகுதி என்றாலும், தமிழ்வழிச் சிந்தித்து அமைத்த பலகை இதுதான்.

விசைப்பலகையில் கிட்டிய ஒற்றுமை குறிமுறையில் கிட்டவில்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்தெழுத 'டேப்' என்றும், தமிழ் மட்டும் எழுத 'டேம்' என்றும் இரண்டு குறிமுறைகளை அரசு ஏற்றது. அயல்நாட்டுத் தமிழர் பலர் திஸ்கியைக் கைவிடவில்லை. ஒன்று வேண்டும் என்று கூடியவர்க்கு மூன்று வாய்த்தன! நா. கோவிந்தசாமி அவ்வாண்டு மே மாதத்திலேயே காலமானார். 2000 ஜூலையில் சிங்கப்பூரில் 'உத்தமம்' எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பெற்றபோது அவர் இல்லை. டாக்டர் மு. ஆனந்தகிருஷ்ணன் அம்மன்றத்தின் முதல் தலைவரானார். மறு ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் மாநாடு கூடிற்று.

ஒருங்குறியும் நெடுங்கணக்கும்

இவையெல்லாம் நிகழுமுன்பே, தமிழர் பெரும்பாலோர் அறியாமல், வேறோரிடத்தில் தமிழின் இடம் முடிவாகியிருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறிமுறை வகுக்க முற்பட்ட 'ஒருங்குறி' 1991-இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கு அது இந்தியாவின் 'இஸ்கி' என்னும் குறிமுறையின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. இந்திய எழுத்துகள் யாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தது இஸ்கி. க-வுக்கும் ங-வுக்கும் இடையே வேறு மொழிகளில் மூன்று எழுத்து உண்டு, தமிழில் இல்லை. ஆகவே தமிழின் பகுதியில் அங்கே மூன்று வெற்றிடம். இவ்வாறு ஒதுக்கிய 128 இடத்தில் பல காலியாகவே கிடக்கின்றன. முன்பு இடமில்லை என்று வருந்தியவர் இப்போது வெற்றிடம் கண்டு வருந்தினர்.

மற்றொரு குறை ஆசிரியர் கண்ணுக்கு உடனே படுவது. ஒருங்குறி அட்டவணையில் 'ந'வை அடுத்து 'ன' நிற்கிறது. 'ர'வை அடுத்து 'ற' நிற்கிறது. நெடுங்கணக்கில் 'ன' கடைசி மெய். அட்டவணை எண்ணை மட்டும் நம்பிப் பெயர்ப்பட்டியலை அடுக்கினால் அகரவரிசை கெடும். இதைத் திருத்தத் தனி வரிசை விதிகள் பின்னர் வகுக்கப்பட்டன. விதிகளைப் பயன்படுத்தும் பொறி சரியாக அடுக்கும். பயன்படுத்தாத பொறி இன்றும் பிழையாகவே அடுக்கும்.

குறைகளுக்கு நடுவே ஒருங்குறி செய்த நன்மை ஒன்றுண்டு. அது அல்கால் குழுவினர் கண்ட வழியிலேயே சென்றது: குறியைச் சேமிப்பது, வடிவத்தை எழுத்துருவிடம் விடுவது. 'கொ' என்பதில் முதலில் 'க', பின்னர் ஒகரக் குறி என்றே பொறிக்குள் பதிகிறது. கொம்பை முன்னே தள்ளி வரைவது எழுத்துருவின் வேலை. தட்டச்சுப் பொறியும் திஸ்கியும் விட்டுச்சென்ற தொல்காப்பிய ஒலிமுறை மீண்டும் வந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பெரியார் வற்புறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் ஏற்றன. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் யானைத் துதிக்கை போன்ற பழைய சுழி மறைந்தது. துண்டுகளை எண்ணிய குறிமுறையில் பழைய வடிவத்துக்கு வேறோர் இடம் வேண்டும். ஒருங்குறியிலோ 'லை' ஒன்றே. பழைய எழுத்துருவை இட்டால் துதிக்கையோடு தோன்றும். புதிய எழுத்துருவை இட்டால் இன்றைய வடிவில் தோன்றும். தேடுவார்க்கு இரண்டும் ஒரே சொல்.

வடிவத்தை மட்டும் நோக்கும் பழக்கம் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு 'ஔ' சான்று. அதனை அடிக்கும் விசை அறியாத பலர் 'ஒ' அடித்து அருகில் 'ள' அடித்துவிடுகின்றனர். கண்ணுக்கு ஔவையார் போலவே தோன்றும். பொறிக்கோ அது 'ஒ-ள-வை-யார்'. நூலகப் பட்டியலில் ஔவையாரைத் தேடினால் இவ்வாறு பதிந்த நூல்கள் அகப்படா. ஒரு புலவர் தம் பெயரின் முதலெழுத்தாலேயே மறைந்துபோகிறார். மாணவர் எழுத்துப்பிழைகளில் சேர்த்துத் திருத்த வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

ஒருங்குறியின் குறைகளைப் பொறாத அறிஞர் சிலர், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்னும் குறிமுறையை வகுத்தனர். நெடுங்கணக்கு வரிசை அதில் கெடாது. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு கூடியபோது தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், மாற்றாக டேஸ் 16-ஐயும் ஏற்று ஆணையிட்டது. இலக்கணத்தை நோக்கினால் அவ்வறிஞர் கருத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது காலந்தாழ்ந்து வந்தது. விண்டோஸ் 2000-லேயே ஒருங்குறித் தமிழ் இடம்பெற்றுவிட்டது. உலகெங்கும் பதிந்த எழுத்துகளின் எண்ணை மாற்றுவதென்றால், பழைய நெகிழ்தட்டுக் குழப்பம் பன்மடங்காகத் திரும்பும். கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறி அமைப்பின் உறுதியும் ஆகும். மாற்றுவதில்லையே தவிர, புதியன சேர்ப்பதுண்டு. முந்திரி, காணி, மா முதலிய பழங்கணக்குக் குறிகளை உள்ளிட்ட 51 தமிழ்க் குறிகள் 2019-இல் சேர்ந்தன. 320-இல் ஒரு பங்காகிய முந்திரியைப் பழைய ஓலைக் கணக்கிலிருந்து அப்படியே பதிக்க இன்று இயலும்.

இழப்பும் இல்லாமல் இல்லை. மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டனர். தனியார் எழுத்துருவில் அடித்து வைத்த மலர்களும் கட்டுரைகளும் பாடக்குறிப்புகளும் எத்தனையோ பேரின் பேழைகளில் படிக்கவியலாமல் கிடக்கின்றன. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றித் தரும் கருவிகள் உண்டு. தட்டின்மேல் அப்பெயரையும் எழுதி வைத்தவர் சிலரே.

தமிழில் ஒரு நிரல்மொழி

எழுத்துக்குத் தரம் அமைந்தபின் தமிழிலேயே நிரல் எழுதவும் வழி பிறந்தது. முத்தையா அண்ணாமலை என்னும் பொறியாளர் 'எழில்' என்ற நிரல்மொழியை அமைத்து 2009-இல் கட்டுரை வாயிலாக விளக்கினார். அச்சிட்டுக் காட்டு என்பதற்குப் 'பதிப்பி', பகுதி நிறைவுற்றது என்பதற்கு 'முடி' என்பன போன்ற சொற்கள் அதன் கட்டளைகள். ஆங்கிலச் சொற்களைப் பெயர்த்து வைத்ததோடு அது நிற்கவில்லை. ஆங்கிலவழி நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வரும், நிபந்தனை பின்னர் வரும். தமிழில் 'மழை பெய்தால்' என்பதுபோல நிபந்தனை முன்னும் அதன் உருபு பின்னும் வருவதே இயல்பு. எழிலிலும் நிபந்தனையை முதலில் எழுதி, 'ஆனால்' என்னும் சொல்லைப் பின்னே வைக்க வேண்டும்.

அதில் நிரல் எழுதும் மாணவர், தாம் வேண்டிய பெயர்களைத் தமிழிலேயே இட்டுக்கொள்ளலாம். 'ஔவை' என்று ஓரிடத்தில் பெயரிட்டு, மற்றோரிடத்தில் 'ஒ', 'ள', 'வை' என்று அடித்துவிட்டால், பொறி அவற்றை வெவ்வேறு இருவராகவே கொள்ளும்.